வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்குத் தொலைமருத்துவம்: காணொளிக்கு முன்னால் தொலைபேசியைக் கவனித்தோமா?

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் வி.ஏ., வீடின்றி வாழும் படைவீரர்களுக்கு முதல்நிலை மருத்துவத்தைத் தொலைவிலிருந்து வழங்கும் முறை பற்றி விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். இக்குழுவில் வி.ஏ. மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் இருக்கிறீர்கள். நானும் கலிபோர்னியாவில் அப்படியொரு வெளிநோயாளர் பிரிவில் முதல்நிலை மருத்துவராக இருக்கிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஜனவரியில் நாடு முழுவதும் ஓர் இரவில் எடுக்கப்பட்ட கணக்கின்படி வீடற்ற முன்னாள் படைவீரர்கள் 32,882 பேர். அவர்களுள் 13,851 பேர் காப்பகத்தில்கூட இல்லாமல் தெருவிலும் கூடாரத்திலும் வண்டியிலும் உறங்கியவர்கள். 2010-ல் இந்த எண்ணிக்கை 74,000-ஐத் தாண்டியிருந்தது. நாட்டின் மொத்த வீடற்றோர் தொகை 2024-ல் 7,71,480 என்று உச்சத்துக்குப் போனபோதும் படைவீரர் தொகை குறைந்தது என்பதை மறுக்க முடியாது. ஒரே இரவின் கணக்கு என்பதால், அன்றைக்கு நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தவர் இதில் வரமாட்டார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி தொலைமருத்துவம். வி.ஏ. வீடியோ கனெக்ட் என்ற காணொளிச் சேவை 2017-ல் அறிவிக்கப்பட்டது. வி.ஏ. மருத்துவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வேறெந்த மாநிலத்தில் இருக்கும் நோயாளியையும் தொலைவிலிருந்து பார்க்கலாம் என்ற விதி 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கொரோனா தொடங்கியபோது, 2020 மார்ச்சில் நிறைவேறிய கேர்ஸ் என்ற நிவாரணச் சட்டத்தில், வாடகை உதவி தரும் ஹட்-வாஷ் திட்டத்தில் உள்ள வீடற்ற படைவீரர்களுக்கும் அவர்களுடைய பொறுப்பாளர்களுக்கும் தொலைமருத்துவ வசதி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தனியாகவே எழுதப்பட்டது. அதைத் தொடர்ந்து ஸ்மார்ட்போன்களும் இணைய இணைப்புடன் கூடிய டேப்லெட்டுகளும் பெருமளவில் கொடுக்கப்பட்டன.

இத்தனையும் நடந்த பின்பும் என் கருத்து இதுதான்: இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை முதல்நிலை மருத்துவத்தைத் தாங்கி நிற்பது சாதாரணக் குரல் அழைப்பே. இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றுவது, ஆய்வக முடிவைச் சொல்வது, இன்சுலின் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று விசாரிப்பது, மருந்து எப்போது தீரும் என்று கேட்பது ஆகிய எல்லாமே எனக்குப் பெரும்பாலும் தொலைபேசியிலேயே முடிகின்றன. ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் திரையில் காட்டப்படும் வரைபடத்தில் காணொளிச் சந்திப்புகளின் விழுக்காடு மட்டுமே ஏறுகிறது, இறங்குகிறது. தொலைபேசியில் அரை மணி நேரம் செலவழித்து ஒருவரை அவசரப் பிரிவுக்குப் போகாமல் காப்பாற்றியது அந்த வரைபடத்தில் எங்கும் தெரிவதில்லை. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் நேரம் ஒதுக்கப்படும் என்பதால் இது வெறும் மனக்குறை அல்ல. உங்கள் அனுபவம் என்ன?

#2 தரவுக்காரன்

வைகைக்கரை ஐயாவின் கருத்தோடு பெரும்பகுதி உடன்படுகிறேன். ஆனால் “தாங்கி நிற்பது தொலைபேசியே” என்று சொல்வதற்குச் சான்று வேண்டும். நான் சுகாதாரத் தரவு ஆய்வில் இருப்பவன், மருத்துவன் அல்லன்.

வீடற்ற படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட டேப்லெட்டுகள் பற்றி 2021-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பெற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே ஆறு மாதத்துக்குள் காணொளிச் சந்திப்பில் கலந்துகொண்டிருந்தார்கள். அவற்றிலும் மிகுதியானவை மனநலச் சந்திப்புகள். இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பாதிப்பேர் பயன்படுத்தவில்லையே என்று வருந்தலாம். நிலையான முகவரி இல்லாத ஒருவர், கையில் கிடைத்த கருவியைத் தொலைக்காமல், சார்ஜ் ஏற்றி, குறித்த நேரத்தில் திரைக்கு முன் வந்து அமர்ந்தார் என்றால் அது சாதாரணக் காரியமா என்று வியக்கவும் செய்யலாம். நான் இரண்டாவது கட்சி.

கிராமப்புறப் படைவீரர்களைப் பற்றி 2022-ல் வந்த இன்னோர் ஆய்வு, டேப்லெட் பெற்றவர்களிடையே அவசரப் பிரிவு வருகையும் தற்கொலை சார்ந்த நிகழ்வுகளும் குறைந்ததைக் காட்டியது. அது மனநலச் சேவையை ஏற்கெனவே பெற்று வந்த கிராமத்தார் பற்றியது. நகரத்து நடைபாதையில் இருப்பவருக்கு அதை அப்படியே பொருத்திச் சொல்வது பிழை. ஆனால் கூட்டங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

#3 மலர்ச்செவிலி

வைகைக்கரை ஐயா அவர்களுக்கு: மன்னிக்கவும், நான் இதில் மாறுபடுகிறேன். வீடற்றோருக்கான முதல்நிலைக் குழு, அதாவது எச்-பேக்ட், ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: முன்பதிவு இல்லாமலே வரலாம், மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், பல இடங்களில் குளிக்க வசதியும் மாற்றுத் துணியும் சாப்பாடும் கிடைக்கும்.

தொலைபேசியில் எங்கள் ஆட்கள் எல்லாருமே “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். படையில் பழகிய பழக்கம் அது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால், நடக்க முடியாதவர்கூட மூன்று என்பார். ஒருமுறை எங்கள் களப்பணியாளர் ஆற்றோரக் கூடாரப் பகுதியிலிருந்து காணொளியில் அழைத்தார். பேசவேண்டியது இருமலைப் பற்றி. பேச்சின் நடுவில் நான் தற்செயலாக, “காலணியைக் கழற்றச் சொல்லுங்கள்” என்றேன். ஈரக் காலுறையைக் கழற்றக் கழற்ற அவர் முகம் மாறியது. பாதம் வெளுத்துச் சுருங்கி, பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், அதன் விளிம்பு கறுத்திருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர். முந்தைய வாரம்தான் அவரோடு தொலைபேசியில் பேசி, எல்லாம் சரியாக இருப்பதாகக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம், விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே காணொளி தேவையில்லை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காணொளியில் போனைப் பிடித்திருந்தது நோயாளி அல்ல, களப்பணியாளர். விளக்கைச் சரியான கோணத்தில் காட்டியதும், இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றியதும், புண்ணின் வாடையைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவர்தான். கருவியை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு நாம் அலுவலகத்தில் அமர்ந்திருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

#4 வைகைக்கரை

மலர் அம்மா சொல்வது முற்றிலும் சரி. நான் காணொளிக்கு எதிரி அல்லன். இடையில் ஒருவர் நின்று பிடிக்கும் காணொளியையும், இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நோயாளி வருவார் என்று காத்திருக்கும் காணொளியையும் பதிவேட்டில் ஒரே குறியீட்டில் சேர்ப்பதுதான் சிக்கல். பிந்தையதில் நிகழ்வது நமக்குத் தெரியும்: கடவுச்சொல் மறந்த மின்னஞ்சல், கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்டு வரும் பெட்டியில் தவறான பொத்தான், பிறகு “நோயாளி வரவில்லை” என்ற பதிவு. பத்து நிமிடம் கழித்து நான் தொலைபேசியில் அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்து, “டாக்டர், நான் அப்போதிருந்தே முயன்றுகொண்டிருக்கிறேன்” என்பார்.

#5 அறிவழகி

நான் சமூகப் பணியாளர், டெக்சாஸில் இருக்கிறேன். மருத்துவர்கள் கவனிக்காத மூன்று செய்திகளை இங்கே வைக்க விரும்புகிறேன்.

காணொளிச் சந்திப்பு தொடங்கியதும் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்பது. நடுவில் மயங்கி விழுந்தாலோ உயிருக்கு ஆபத்து என்றாலோ அவசர ஊர்தியை அனுப்ப வேண்டும் என்பதற்காக, நியாயமான காரணத்தோடுதான் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் கேட்கப்படுபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். பொது இடத்தில் படுப்பதற்கு நகராட்சிகள் அபராதம் விதிக்கலாம் என்று 2024 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆரிகனில் உள்ள கிராண்ட்ஸ் பாஸ் நகரத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கலிபோர்னிய ஆளுநர் கூடாரங்களை அகற்ற ஆணையிட்டார். அதன் பிறகு, எங்கே இருக்கிறாய் என்று அரசாங்கத்துக் குரல் ஒன்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? ஒருவர் பத்து மைல் தள்ளியுள்ள நூலகத்தின் பெயரைச் சொல்லி வந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இந்த விவரம் எதற்கு, யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று முன்கூட்டியே நேரில் விளக்கியவர்களிடம் மட்டும்தான் சரியான பதில் கிடைக்கிறது.

கூடாரங்களை அகற்றும்போது போனும் மருந்தும் சேர்ந்தே குப்பை வண்டிக்குள் போகின்றன. அடையாள அட்டையும்தான். மாற்றுப் போன் கிடைத்தால் எண்ணும் மாறிவிடுகிறது. நம் பதிவேட்டில் பழைய எண்ணே இருக்கிறது. முன்கட்டண சிம் வைத்திருப்பவருக்கு மாதக் கடைசியில் நிமிடங்கள் தீர்ந்துவிடும், அப்போது அவரை அழைத்துப் பயனில்லை. எனவே ஒவ்வொருவருக்கும் இரண்டாம் தொடர்பு ஒன்றை எழுதி வைக்கிறேன்: காப்பகத்தின் முன்மேசை, தேவாலயத்துச் சமையலறைப் பொறுப்பாளர், சகோதரி, யாராக இருந்தாலும் சரி.

மூன்றாவது, நம் மருத்துவமனை அழைப்பு பல போன்களில் எண் காட்டாமல் வருகிறது. கடன் வசூலிப்பவர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் பயந்தவர் அதை எடுக்க மாட்டார். “பதினைந்து நிமிடத்தில் மருத்துவர் அழைப்பார், எண் தெரியாது, எடுங்கள்” என்று முதலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எடுக்கிறார்கள். இதற்கு டேப்லெட் தேவையில்லை.

#6 ஐயம்பேட்டை சுந்தர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். வெளியிலிருந்து வாசிக்கும் ஒருவனாகக் கேட்கிறேன். வீடு இல்லாதவனுக்கு வீடு கொடுக்காமல் டேப்லெட் கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் வி.ஏ.வுக்கு 388 ஏக்கர் நிலம் இருக்கிறது. ஊனமுற்ற படைவீரர்கள் வாழ்வதற்கென்று 1888-ல் தானமாகக் கொடுக்கப்பட்ட நிலம் அது. அதில் ஒரு பகுதியைத் தனியார் பள்ளிக்கும் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்கும் குத்தகைக்கு விட்டார்கள்; அதன் மதிலுக்கு வெளியே சான் விசென்டே சாலையில் படைவீரர்களே கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். 2021 நவம்பரில்தான் அவை அகற்றப்பட்டன. நீதிபதி டேவிட் கார்ட்டர் 2024 செப்டம்பரில் அந்தக் குத்தகைகள் செல்லாது என்றும் அங்கே வீடுகள் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். நிலைமை இப்படி இருக்க, தொலைமருத்துவம் என்பது ஆளை நேரில் பார்க்காமல் செலவைக் குறைக்கும் உத்தியாக எனக்குத் தோன்றுகிறது.

#7 வைகைக்கரை

சுந்தர் அவர்களே, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆயினும் வீடு ஒருபுறம், தொலைமருத்துவம் ஒருபுறம் என்று எதிரெதிரே நிறுத்துவதை ஏற்க இயலவில்லை. என் அனுபவத்தில் தொலைமருத்துவம் மிகுதியாகத் தேவைப்படுவது ஒருவர் தெருவில் இருக்கும்போது அல்ல, அவருக்கு வீடு கிடைத்த அடுத்த சில மாதங்களில்.

காரணத்தைச் சொல்கிறேன். ஹட்-வாஷ் என்பது வீட்டுவசதித் துறையின் வாடகை வவுச்சரும் வி.ஏ.வின் பொறுப்பாளர் உதவியும் சேர்ந்த திட்டம். 1992-ல் சிறிதாகத் தொடங்கி, 2008-லிருந்து விரிந்து, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வவுச்சர்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வவுச்சருக்குள் அடங்கும் வாடகை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எளிதில் கிடைக்காது. லான்காஸ்டர் போன்ற தொலைவான ஊர்களில் கிடைக்கும். மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனைக்கு அங்கிருந்து ஏறத்தாழ எழுபது மைல். கூடாரத்தில் இருந்தபோது நடந்தே எச்-பேக்டுக்கு வந்து, செவிலியரிடம் பேசி, சூடாகக் காப்பி குடித்துவிட்டுப் போனவர், கதவும் பூட்டும் உள்ள வீட்டுக்குப் போனதும் ஒரே நாளில் எல்லாரையும் இழக்கிறார். மாத்திரை நிற்கிறது, குடி திரும்புகிறது, வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அப்போது அவருக்கு மின்சாரமும் இணையமும் தனிமையான அறையும் இருப்பதால் காணொளி உண்மையிலேயே பயன்படுகிறது. பழக்கமான அதே முகம் திரையில் வருகிறது என்பதும் அவருக்கு முக்கியம். டேப்லெட்டை நடைபாதையில் கொடுப்பதைவிட வீட்டுச் சாவியோடு கொடுப்பது நல்லது என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மாநில எல்லை பற்றிய விதியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். குளிர்காலத்தில் ஆரிகனிலிருந்து அரிசோனாவுக்கு இடம்பெயர்பவர்கள் இருக்கிறார்கள். தனியார் மருத்துவர் என்றால் அந்த மாநிலத்தின் உரிமம் இல்லாமல் தொடர்ந்து பார்ப்பது கடினம். வி.ஏ. மருத்துவர் தன் நோயாளி எங்கே போனாலும் அழைத்துப் பேசலாம்.

#8 தரவுக்காரன்

சாவியோடு சேர்த்துக் கொடுப்பது என்ற யோசனை சோதித்துப் பார்க்கத் தக்கது. வவுச்சர் பெற்ற நாளைத் தொடக்கமாக வைத்து, டேப்லெட் அப்போதே பெற்றவர்களையும் முன்பே பெற்றவர்களையும் ஒப்பிடலாம். ஆனால் முன்–பின் ஒப்பீடு மட்டும் போதாது. எச்-பேக்ட் பற்றிய 2016 ஆய்வில், சேர்ந்த ஆறு மாதங்களில் அவசரப் பிரிவு வருகை ஐந்தில் ஒரு பங்கும் மருத்துவமனை அனுமதி மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்ததாகக் கண்டார்கள். நல்ல செய்திதான். எனினும் மனிதர்கள் மிக மோசமான நிலையில் இருக்கும்போதுதான் இப்படிப்பட்ட குழுவில் வந்து சேர்கிறார்கள். எதுவும் செய்யாமலிருந்தாலும் சிலர் அடுத்த ஆறு மாதத்தில் ஓரளவு தேறியிருப்பார்கள். தொலைமருத்துவத்தின் பலனைக் கூறும் பல அறிக்கைகளிலும் இதே ஓட்டை இருக்கிறது.

#9 மலர்ச்செவிலி

மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. தொலைவிலிருந்து சந்திப்பு முடிந்ததும் மருந்து தபாலில்தான் போகிறது, வி.ஏ.வின் வெளிநோயாளர் மருந்துச் சீட்டுகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு தபால்வழி மருந்தகங்களிலிருந்து அனுப்பப்படுகின்றன. முகவரி இல்லாதவருக்கு? பதிவேட்டில் பழைய மனைவியின் வீட்டு முகவரி இருந்து, மூன்று மாத மருந்து அங்கே போய்ச் சேர்ந்த கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. நாங்கள் இப்போது ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும், மருந்து எங்கே வர வேண்டும் என்று புதிதாகக் கேட்கிறோம். பலர் மருத்துவமனை மருந்தகச் சன்னலிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்கள். அப்படி வரும்போது எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம் என்பதால் எனக்கும் அதுவே வசதி. இரண்டு வார மருந்தாகக் கொடுப்பது நல்லது. திருட்டுப் போனாலும் இழப்பு சிறிதாக இருக்கும், கோடையில் வண்டிக்குள் வைத்துக் கெட்டுப்போகவும் வாய்ப்புக் குறைவு.

#10 ஐயம்பேட்டை சுந்தர்

வைகைக்கரை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. வீடு கிடைத்த பிறகு வரும் தனிமையை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. ஏழைகளின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் வரை கொடுத்துவந்த உதவித் திட்டம் 2024 ஜூன் 1-ல் பணம் இல்லாமல் நின்றுவிட்டது. எஞ்சியிருப்பது லைஃப்லைன் என்ற தொலைபேசி, இணையக் கட்டணச் சலுகைத் திட்டம் மாதம் தரும் 9.25 டாலர் மட்டுமே. வீட்டில் இணையம் இருப்பதால் காணொளி நடக்கும் என்கிறீர்களே, அந்த இணையத்துக்கு யார் பணம் கட்டுவது?

#11 அறிவழகி

வி.ஏ. கொடுக்கும் டேப்லெட்டில் இணைப்பும் சேர்ந்தே வருகிறது, சுந்தர் ஐயா. டிஜிட்டல் டிவைட் கன்சல்ட் என்று 2020-ல் தொடங்கிய ஏற்பாட்டில், மருத்துவர் பரிந்துரைத்தால் சமூகப் பணியாளர் ஒருவர் நோயாளியோடு பேசி, அவருக்குக் கருவி கொடுக்கலாமா, லைஃப்லைனுக்கு விண்ணப்பிக்க உதவலாமா என்று முடிவு செய்வார். ஆனால் சொந்தப் போன் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. அவர்களுக்குக் காணொளி என்பது மாத டேட்டாவில் ஒரு பெரிய துண்டு. குரல் அழைப்பு அப்படியல்ல. வைகைக்கரை ஐயாவின் வாதத்துக்கு இதுவும் வலு சேர்க்கிறது.

#12 குறிஞ்சி

இழையை முழுவதும் வாசித்தேன். நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வார இறுதிகளில் ஒரு காப்பகத்தில் உணவு பரிமாறுகிறோம். அங்கே முன்னாள் படைவீரர்களும் தங்குகிறார்கள். காப்பக நிர்வாகி ஒரு சிறிய அறையைத் தொலைமருத்துவத்துக்கு ஒதுக்கத் தயாராக இருக்கிறார். என்னென்ன வைக்க வேண்டும்? பணம் அதிகம் இல்லை.

#13 அறிவழகி

நல்ல முயற்சி, தங்கையே. கணினி வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த அறைக்கு உள்ளிருந்து தாழிடும் கதவு இருக்கிறதா, குரல் வெளியே கேட்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கும் என்றால் குடியைப் பற்றியோ தூக்கமின்மையைப் பற்றியோ யாரும் பேச மாட்டார்கள். ஒரு மேசை, முகத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு நாற்காலி, எல்லா வகைப் போன்களுக்கும் பொருந்தும் சார்ஜர் வயர்கள், பெரிய கைக்கும் பொருந்தும் பட்டையுள்ள இரத்த அழுத்தக் கருவி, ஒரு தெர்மாமீட்டர், எடை பார்க்கும் கருவி. கதவுக்கு வெளியே பூட்டுள்ள சார்ஜிங் பெட்டி வைத்தால் அதற்குத்தான் கூட்டம் வரும், வரட்டும்.

தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மீட்டெடுக்கவும் கேமரா அனுமதியைச் சரிசெய்யவும் உதவிவிட்டு, சந்திப்பு தொடங்கியதும் வெளியேறிவிட வேண்டும். நோயாளியே இருக்கச் சொன்னால் இருக்கலாம். வி.ஏ.வில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் இருந்தால், வீடற்ற படைவீரர்களுக்கான தேசிய அழைப்பு மையத்தை அங்கிருந்தே அழைக்கச் சொல்லுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். படையிலிருந்து நல்ல முறையில் விடுவிக்கப்படவில்லை, எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று சிலர் ஒதுங்கியே இருப்பார்கள். அவர்களையும் அழைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த முடிவைத் தாமே எடுத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் அதிகம்.

#14 மலர்ச்செவிலி

அத்துடன் ஒரு பெட்டி உலர்ந்த காலுறைகளையும் வைத்துவிடுங்கள். புதியதை எடுப்பதற்காகவேனும் பழையதைக் கழற்றுவார்கள். அந்த நேரத்தில் போனின் கேமராவைக் கீழே திருப்பச் சொன்னால் மறுமுனையில் இருக்கும் செவிலியர் பாதத்தைப் பார்த்துக்கொள்வார்.